மூன்றாவது முடிச்சு

"படுன்னு சொன்னேன்" என்றார் கலாவதி சிஸ்டர்.

"நிக்கிறேன்னு சொன்னேன்" என்றேன் நான்.

காலை ஒன்பது மணி. எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நான்கு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் இடுப்பைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலி வந்துகொண்டிருந்தது. சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன்னை எங்கேயோ பார்த்திருக்கேனே. நீ ஹுப்ளி வண்டி கண்டக்டரம்மா சிவலீலாதானே?"

"ஆமா சிஸ்டர்."

"போன தசராவுக்கு என்னை நடுரோட்டுல விட்டுட்டு ரைட் கொடுத்துட்டுப் போனவ."

"நீங்க ஸ்டாப்புல நிக்கல சிஸ்டர். மிளகாய் பஜ்ஜிக் கடையில நின்னீங்க."

அடுத்த கட்டிலில் சுருண்டு கிடந்த பெண் தன் வலியையும் மறந்து சிரித்துவிட்டாள். ரேணுகா என்று பெயர், தலைப்பிரசவம். என்னோடு வந்திருந்த என் கணவரின் அக்கா குருபசவ்வா என் தோளில் ஓர் இடி இடித்தார். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

"யாருகிட்டடி வாயாடுற? உன் குழந்தை அவங்க கையில இருக்கு."

குழந்தை என் வயிற்றில்தான் இருந்தது. அதைச் சொல்வதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது.

எனக்கு அன்றைக்கு இரண்டு வலிகள். ஒன்று, வருகிற வலி. முதுகில் கிளம்பி வயிற்றைச் சுற்றி இறுக்கி, உச்சிக்குப் போய், இறங்கிவிடும். அதற்கு ஒரு நேரம் உண்டு, ஒரு நிறுத்தம் உண்டு. அதற்கு நான் பயப்படவில்லை. மற்றது, இருக்கிற வலி. இடுப்பெலும்புகள் இரண்டும் முன்பக்கம் வந்து சேருகிற இடத்தில் ஆறாம் மாதத்திலிருந்து குடியிருந்தது. புரண்டு படுத்தால் வலிக்கும். ஒற்றைக் காலைத் தூக்கிப் பாவாடை மாட்டினால் வலிக்கும். கால்களைக் கொஞ்சம் அகட்டினால் போதும், எலும்பு பிளந்துகொள்வதுபோல் இருக்கும். வெளியே வீக்கம் இல்லை, காயம் இல்லை. அதனால் நம்புவதற்கும் ஆள் இல்லை.

நான்கு வருடத்துக்கு முன்பு மூத்தவள் பூமிகா இதே வார்டில்தான் பிறந்தாள். தாய்வீடு என்று போக எனக்கு அம்மா உயிரோடு இல்லை. அப்போதும் அண்ணிதான் கூட வந்தார். என்னை மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அண்ணி இடது காலைப் பிடித்தார், ஆயா ஹனுமவ்வா வலது காலைப் பிடித்தார். முட்டி காதைத் தொடுகிற அளவுக்கு மடக்கி, இரண்டு பக்கமும் இழுத்தார்கள். நான் கத்தியதெல்லாம் பிள்ளை வலிக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். முன்னெலும்பில் 'டக்' என்று ஏதோ விட்டது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது.

அதன்பிறகு நான்கு மாதம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். பஸ் படி ஏற ஏழு மாதம் ஆனது. ஹுப்ளியில் எலும்பு டாக்டர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை இது விட்டுக்கிச்சுன்னா வீட்டுக்குள்ள நடக்கலாம்மா. ஓடுற வண்டியில நிக்கறதை மறந்துடணும்."

அதைத்தான் என்னால் மறக்க முடியாது. டெப்போவில் எனக்கு நாற்காலி வேலை கொடுப்பார்கள், இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்கு நாற்காலி வேண்டாம். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் ஆனபிறகு எங்கள் வண்டியில் காற்று நுழையவே இடம் கிடையாது. அந்த நெரிசலில் இரண்டு கையும் டிக்கெட் மெஷினில் இருக்க, எந்தக் கம்பியையும் பிடிக்காமல், சீட்டின் விளிம்பில் இடுப்பை மட்டும் கொடுத்து நிற்பேன். பள்ளம் வரும்போது முட்டியைத் தளர்த்துவேன். வளைவு வரும்போது பக்கவாட்டில் திரும்புவேன். பதினோரு வருடத்தில் ஒரு பயணியின் மடியில்கூட நான் விழுந்ததில்லை. அந்த இடம் என்னுடையது.

அதனால் இந்த முறை தயாராக வந்திருந்தேன். என் கழுத்தில் தாலியோடு விசிலும் தொங்கியது. விசில் கயிற்றில் மூன்று முடிச்சுகள்.

அந்த யோசனை வண்டியில்தான் வந்தது. கதவுக்குப் பக்கத்தில் அரை டிக்கெட்டுக்கு ஓர் உயரக்கோடு உண்டு. பிள்ளையின் தலை கோட்டுக்கு மேலே போனால் டிக்கெட். எத்தனை தாய்மார்கள் என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள், பிள்ளையின் தலையை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள்! நான் அந்தக் கோட்டை ஒரு விரல்கூட நகர்த்தியதில்லை. ஏழாம் மாதத்தில் ஒருநாள், வலிக்கு அப்படி ஒரு கோடு போட்டால் என்ன என்று தோன்றியது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முட்டிகளை மெதுவாக அகட்டினேன். எங்கே சுருக்கென்றதோ அங்கே நிறுத்தி, ஒரு முட்டியிலிருந்து மறு முட்டிக்குக் கயிற்றைப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டேன். எட்டாம் மாதம் அளந்தபோது அது குறைந்திருந்தது, இன்னொரு முடிச்சு. போன வாரம் அளந்தது மூன்றாவது. ஒரு சாணும் நாலு விரலும். அதற்குள் இருந்தால் என்னால் தாங்க முடியும். அதைத் தாண்டினால் எலும்பு விட்டுவிடும்.

சிஸ்டரிடம் இதை விளக்கினேன். கயிற்றைக் காட்டினேன். மேற்கொண்டு பேச நேரம் இல்லாதவர்போல் கையுறையை மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"முப்பது வருஷத்துல நான் பார்க்காத வலியா? புள்ளைன்னா வலிக்கத்தான் செய்யும்."

"புள்ளை வலிக்கு ஒண்ணுமே சொல்லலையே சிஸ்டர். காலை இழுக்காதீங்கன்னுதான் சொல்றேன்."

"கர்ப்பவாய் திறந்திருக்கான்னு பார்க்கவாவது படுப்பியா, அதுவும் நின்னுக்கிட்டேதானா?"

"பக்கவாட்டுல படுக்கிறேன். ரெண்டு முட்டிக்கு நடுவுல தலகாணி வச்சுக்கறேன். பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே பார்த்தார். பாதி திறந்திருந்தது. "ம், இன்னும் நேரம் இருக்கு. நில்லு. ஆடு. குதி. என்னமோ பண்ணு" என்று சொல்லிவிட்டு ரேணுகாவைப் பார்க்கப் போனார். அவர் கோபமாகத்தான் சொன்னார். நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு மேல் வலி வேகமெடுத்தது. கம்பியில் இடுப்பை முட்டுக்கொடுத்து, பாதங்களை ஒட்டி வைத்து, முட்டிகளைத் தளர்த்தி நின்றேன். வலி ஏறும்போது இடமும் வலமுமாக ஆடினேன். மூச்சை வாயால் நீளமாக ஊதி விட்டேன், விசில் ஊதுகிற மாதிரியே, ஆனால் விசில் இல்லாமல். உச்சியில் சில நேரம் என்னை அறியாமல் "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்தினேன். வலி நிற்கவில்லை, ஆனால் கத்துவது நன்றாக இருந்தது. வலி இறங்கியதும் இருக்கிற வலியைக் கவனிப்பேன். அது அங்கேயேதான் இருந்தது. ஏறவில்லை. நான் நினைத்தபடிதான் போய்க்கொண்டிருக்கிறது என்ற திமிர் எனக்கு அப்போது வந்தது உண்மை.

"நாலு பேர் பார்க்கிற இடத்துல இது என்னடி ஆட்டம்?" என்றார் அண்ணி. "நான் நாலு பெத்தேன். ஒரு சத்தம் வெளியில வந்ததில்ல."

"உள்ள எவ்வளவு இருந்துச்சு அண்ணி?"

அவர் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றப் போனார். அண்ணி நடந்தால் உடம்பு இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து வரும். நான்காவது பிள்ளைக்குப் பிறகு அப்படித்தான். நாலு பெற்றவள் நடை வேறு எப்படி இருக்கும் என்று வீட்டில் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அவரும் நினைத்ததில்லை.

ரேணுகா கட்டிலிலிருந்து தலையை மட்டும் தூக்கினாள். "அக்கா, எனக்கும் அந்த எலும்புதான் வலிக்குது. சொன்னா எங்கம்மா, பயத்துல சொல்றேங்கிறாங்க."

"இறங்கி என் பக்கத்துல நில்லு. கம்பி நீளமாத்தானே இருக்கு."

அவள் அம்மா அவள் கையைப் பிடித்து மறுபடி படுக்க வைத்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அதற்குள் அடுத்த வலி வந்து, அதற்குமேல் அவளுக்காகச் சண்டை போட என்னால் முடியவில்லை.

ஒன்றரை மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. கீழே முக்கச் சொல்லி உடம்பே தள்ளியது. "மேசைக்கு வா" என்றார் சிஸ்டர், பச்சைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்த பிரசவ அறையைக் காட்டி. போனேன். இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தேன்.

"மல்லாக்கப் படு."

"மாட்டேன்."

"இதுக்குமேல உன் இஷ்டம் கிடையாது. ஹனுமவ்வா, பிடி. ஏம்மா, நீங்க அந்தக் காலைப் பிடிங்க."

அடுத்த வலியின் நடுவில், நான் எதுவும் செய்ய முடியாத அந்த நேரத்தில், என்னை மல்லாக்கப் புரட்டிவிட்டார்கள். ஹனுமவ்வாவின் சொரசொரப்பான கை வலது முட்டியில். இடது முட்டியில் அண்ணியின் கை. அந்தக் கையை எனக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்பு பிடித்த அதே கை, அதே இடத்தில். இழுத்தார்கள். முன்னெலும்பில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. "விடுங்க" என்று கத்தினேன். பிரசவ மேசையில் கத்துகிறவள் பேச்சை யார் கேட்கிறார்கள்? "அப்படித்தான், முக்கு, முக்கு" என்றார்கள். இன்னும் ஒரு விரல் அகன்றால் 'டக்' என்று விட்டுவிடும். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

கழுத்தில் கை வைத்தேன். விசில் கிடைத்தது. நெஞ்சில் இருந்த மூச்சு முழுவதையும் அதில் ஊதினேன்.

ஒற்றை விசில்.

இரட்டை விசில் என்றால் வண்டி கிளம்பும், ஒற்றை விசில் என்றால் நிற்கும். எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைப் பிராயத்திலிருந்து உடம்பில் ஊறிய விஷயம். சிஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. அண்ணியின் பிடி விட்டது. ஹனுமவ்வா என் காலை விட்டதோடு நிற்கவில்லை. பிரேக் போட்டால் விழுந்துவிடக் கூடாது என்று குளுக்கோஸ் கம்பியைத் தாவிப் பிடித்துக்கொண்டார்.

நான் முட்டிகளைச் சேர்த்து, மறுபடி இடது பக்கம் புரண்டேன்.

"இது ஆஸ்பத்திரி!" சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "உன் பஸ்ஸுன்னு நினைச்சியா?"

"இது என் உடம்பு சிஸ்டர். அதுல நான்தான் கண்டக்டர்." மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. "போன தடவை நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டீங்க. நான் நாலு மாசம் நாற்காலியைத் தள்ளிக்கிட்டு கக்கூஸுக்குப் போனேன். குழந்தைக்கு ஆபத்துன்னா சொல்லுங்க, காலை நானே கிழிச்சுக்கறேன். இல்லேன்னா இந்த முடிச்சைத் தாண்டக் கூடாது."

சிஸ்டர் துடிப்புக் கருவியை எடுத்து என் வயிற்றில் வைத்தார். குழந்தையின் இதயம் குதிரை ஓடுகிற மாதிரி அறை முழுக்கக் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் கேட்டார். என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார்.

"துடிப்பு நல்லா இருக்கு" என்றார், ஏமாந்தவர் மாதிரி. "சைடுல படுத்துப் பிரசவம் நான் பார்த்ததில்ல."

"இன்னைக்குப் பாருங்க."

"திமிரைப் பாரு! கால் மணி நேரம் தரேன். துடிப்பு ஒரு துளி இறங்குச்சுன்னாலும் விசிலை என் கையில கொடுத்துடணும்."

"கொடுத்துடறேன்."

மேல் காலை யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும். அண்ணி சுவரோரமாகப் போய் நின்றிருந்தார். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றி அவரிடம் நீட்டினேன்.

"நீங்களே பிடிங்க அண்ணி. ஒரு முனை என் கீழ் முட்டியில. மூணாவது முடிச்சு மேல் முட்டியில. கயிறு தொய்வா இருக்கணும். இறுகினா நீங்க தூக்கினது அதிகம்."

"நான் வேணாம்டி. ஹனுமவ்வா பிடிக்கட்டும்."

"நீங்கதான் பிடிக்கணும்."

ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. கோபமும் இருந்தது. அது மட்டும் இல்லை.

அண்ணி வந்தார். என் காலைத் தன் தோளோடு அணைத்துத் தாங்கிக்கொண்டார். அதன்பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே என்ன நடக்கிறது என்றும் பார்க்கவில்லை. கயிற்றை மட்டும் பார்த்தார். வலி வந்து நான் உடம்பை முறுக்கும்போதெல்லாம் அவரும் கூடவே அசைந்து கொடுத்தார். "தொய்வாத்தான் இருக்கு, லீலா. தொய்வாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் முடிந்தது. சிஸ்டர் துடிப்பைக் கேட்டார், கடிகாரத்தைப் பார்த்தார், விசிலைக் கேட்கவில்லை. இன்னொரு கால் மணி போனது. "மாத்திக்கலாமா?" என்று ஹனுமவ்வா கேட்டதற்கு அண்ணி தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டார்.

எரிந்தது. கிழிவதுபோல் எரிந்தது. பல்லைக் கடித்துத் தள்ளினேன். அது வருகிற வலி, போய்விடும். எலும்பு மட்டும் விடக் கூடாது. "யவ்வா!" என்று இல்லாத அம்மாவைக் கூப்பிட்டு அலறியபோது தலை வந்தது. அடுத்த தள்ளலில் மொத்தமும் வழுக்கிக்கொண்டு வந்தது. அழுகைச் சத்தம் கேட்டது.

"பொண்ணு" என்றார் சிஸ்டர். ஈரமும் சூடுமாகக் குழந்தையை என் நெஞ்சில் போட்டார். "என்ன கண்டக்டரம்மா, இவளுக்கு முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா?"

"கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது சிஸ்டர்" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். 'டக்' கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவில்லை.

நான்கரை மணிக்கு ஹனுமவ்வா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஏறு தாயி, வார்டுக்குப் போகலாம்."

"அதுல குழந்தையோட துணிமணியை வைங்க. நான் நடந்து வரேன்."

அண்ணியின் தோளில் ஒரு கை. பாதங்களைத் தரையில் வைத்தேன். எழுந்தேன். வலித்தது, ஆனால் அது எனக்குத் தெரிந்த பழைய வலிதான், என்னைத் தாங்கியது. சின்னச் சின்ன அடியாக, முட்டி விலகாமல், மேசையிலிருந்து ஜன்னலோரக் கட்டிலுக்குப் பதினான்கு அடி நடந்தேன். ஒவ்வொன்றையும் எண்ணினேன். வெளியே நான்கரை மணி ஹுப்ளி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எனக்குப் பதிலாக எவளோ அதில் நின்றிருப்பாள். நின்றுகொள்ளட்டும், ஆறு மாதத்துக்கு.

அண்ணி கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தார். பிள்ளை பெற்றவளுக்கென்று செய்து கொண்டுவந்த கோந்து உருண்டை டப்பாவைத் திறந்து எனக்கு ஒன்று கொடுத்தார். கயிறு இன்னும் அவர் கையிலேயே இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒரு முனையைத் தன் இடது முட்டியில் வைத்தார். வலது முட்டியை மெல்ல நகர்த்தினார். பாதியில் முகம் சுளித்து நின்றுவிட்டார். மூன்றாவது முடிச்சுக்கு இன்னும் நாலு விரல் பாக்கி இருந்தது.

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "நாலாவதுக்கு மூணு பேர் பிடிச்சாங்க. அப்போ 'டக்'குன்னு கேட்டுச்சு. பெத்தவளுக்கு எல்லாருக்கும் கேக்கும்போலன்னு இருந்துட்டேன்."

அவர் கையைப் பிடித்தேன்.

"எனக்கு யாரும் ஊதலடி, லீலா."

அப்போதுதான் அது கேட்டது. பக்கத்துக் கட்டில் காலியாக இருந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவே இல்லை. பிரசவ அறையின் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் ரேணுகா அலறினாள். "எலும்பு வலிக்குது! காலை விடுங்க! யவ்வா, காலை விடச் சொல்லு!" அவள் அம்மாவின் குரல் அதற்குமேல்: "பயப்படாதே, விரி, இன்னும் விரி!"

நான் எழப் பார்த்தேன். முடியவில்லை. மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி எழுந்தார். இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து, அந்தப் பதினான்கு அடியையும் அவரால் முடிந்த வேகத்தில் நடந்தார். திரையை ஒரு கையால் விலக்கினார். வாழ்நாளில் ஒரு சத்தம் போடாதவர், விசிலை வாயில் வைத்து ஊதினார்.

ஒற்றை விசில். ரேணுகாவின் அலறல் நின்றது. வார்டே நின்றது.

"ஐயோ, ரெண்டாவது கண்டக்டரும் வந்தாச்சா!" என்று உள்ளேயிருந்து கலாவதி சிஸ்டரின் குரல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், கொஞ்சம் இறங்கி: "சரி சரி, காலை விடுங்க. அந்தப் பொண்ணை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. ஏம்மா, அந்தக் கயிறை இங்க கொண்டாங்க."